சாயக் கழிவுநீரும் கரிச் சவ்வும்
(ஒரு விவசாய டிமான்ஸ்டிரேட்டர் எழுதியது)

கழிவுநீரைச் சுத்தி செய்வதற்குக் கரியினால் ஆகிய அதிநுண்ணிய சவ்வுகள் கண்டுபிடிக்கப்பட்டிருப்பதைப் பற்றிச் சில வருஷங்களாகப் பத்திரிகைகளில் அடிக்கடி செய்திகள் வெளிவருகின்றன. ஆற்றோரத்தில் நிலம் வைத்துக்கொண்டு, மேற்புறத்திலிருந்து வரும் சாயத் தண்ணீரால் கிணறு கெட்டுப்போன குடியானவர் இச்செய்தியைப் படித்தவுடன், "இனி அந்நீரை வயலுக்குப் பாய்ச்சலாமா?" என்று கேட்பது இயல்பே. இக்கேள்விக்குச் சாஸ்திர முறைப்படியும் விவசாய நோக்குடனும் விடை கூறுவதே இவ்வியாசத்தின் கருத்தாகும்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். கரிச் சவ்வு நல்ல சாதனமே. அதனை வரவேற்க வேண்டியதே. ஆனால் அது இருக்க வேண்டிய இடம் சாயப்பட்டறையின் உள்ளேயே அன்றி, ஆற்றில் கழிவுநீர் வந்து விழும் வாய்க்காலின் முகத்தில் அல்ல. இவ்விரண்டுக்குமுள்ள வித்தியாசத்தை நிலமுடையோரும் கிராம உத்தியோகஸ்தர்களும் தெளிவாக அறிந்திராவிட்டால், தெளிந்த நீரைக் கண்டு ஏமாந்து பூமியை இழக்க நேரிடும்.

கரிச் சவ்வு என்பது யாது?

பென்சிலினுள் இருக்கும் கறுப்புக் குச்சி கிராபைட்டு என்னும் கரிவகையால் செய்யப்படுவது. இக்கிராபைட்டு, வெற்றிலைக் கவுளியில் இலைமேல் இலை அடுக்கியிருப்பதுபோல, மிக மெல்லிய தகடுகள் அடுக்கப்பட்டதோர் வஸ்து. அத்தகடுகளில் ஒன்றை மட்டும் தனியே பிரித்தெடுத்தால் அதற்குக் கிராபீன் என்று பெயர். இங்கிலாந்தில் மான்செஸ்டர் சர்வகலாசாலையில் 2004-ஆம் வருஷம் அவ்வாறு பிரித்தெடுத்த கெய்ம், நோவோசெலோவ் என்னும் இரு சாஸ்திரிகளுக்கு 2010-இல் நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. அத்தகடு குழாய்போல் சுருண்டிருந்தால் அதனைக் கரி நானோக்குழாய் என்பர். இதனை ஜப்பான் தேசத்து ஈஜிமா என்பவர் 1991-இல் விவரித்து வெளியிட்டார். நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறுகளாக்கினால் அதில் ஒரு கூறு.

கிராபைட்டை வீரியமுள்ள திராவகங்களில் இட்டுப் பக்குவம் செய்தால், தகடுகளின் மீது பிராணவாயு சேர்ந்து, நீரில் எளிதில் பரவும் கிராபீன் ஆக்ஸைடு கிடைக்கிறது. அதை நீரில் கலந்து, துவாரமுள்ள ஓர் அடித்துணியின் மீது வடிகட்டினால், தகடுகள் ஒன்றன்மேலொன்றாகப் படிந்து ஒரு சவ்வாகின்றன. அத்தகடுகளின் இடைவெளி வழியே நீர் நெளிந்து ஊடுருவிச் செல்லும். இடைவெளியைவிடப் பெரிய பொருள்கள் தடுக்கப்படும்.

கொட்டாங்கச்சிக் கரி நமக்குப் புதிதன்று. அது அழுக்கைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். ஒட்டுமிடம் நிரம்பியபின் பயன்படாது. சவ்வோ பெரும்பாலும் சல்லடைபோல் வேலை செய்வது. இதுவே பழைய கரிக்கும் புதிய கரிக்கும் உள்ள முக்கியமான பேதம்.

நமது தேசத்தாரும் இத்துறையில் பின்தங்கியிருக்கவில்லை. காசி இந்து சர்வகலாசாலையாரும் அமெரிக்க சாஸ்திரிகளும் சேர்ந்து, கரி நானோக்குழாய்களை நெருக்கமாக நிறுத்திய ஒரு வடிகட்டியைச் செய்து, அது நீரிலுள்ள நோய்க்கிருமிகளைத் தடுப்பதை 2004-இல் எடுத்துக்காட்டினர். 1 முதல் 2 நானோமீட்டர் அகலமுள்ள கரிக்குழாய்களின் வழியே நீர் சாதாரணக் கணக்குப்படி எதிர்பார்ப்பதைவிடப் பல நூறு மடங்கு விரைவாகச் செல்வதை அமெரிக்காவில் 2006-இல் அளந்தறிந்தார்கள். இவையெல்லாம் உண்மை. இவற்றிலிருந்து நாம் எடுக்கும் முடிவுதான் சரியாக இருக்கவேண்டும்.

நிறம் போனால் உப்பும் போகுமா?

பருத்தி நூலுக்கும் பின்னலாடைத் துணிக்கும் ரியாக்டிவ் சாயம் ஏற்றும்போது, சாயம் நூலில் நன்றாகப் பிடிப்பதற்காகத் தொட்டி நீரில் லிட்டருக்குப் பல பத்துக் கிராம் கணக்கில் சோற்றுப்பையாவது சோடியம் சல்பேட் என்னும் கிளாபர் உப்பையாவது கரைக்கிறார்கள். அதனுடன் சோடா காரமும் சேர்க்கிறார்கள். சாயத்தில் பெரும்பகுதி துணியில் தங்குகிறது. உப்போ துணியில் தங்குவதேயில்லை. சாயத்தைத் துணியை நோக்கித் தள்ளிவிட்டு, தான் முழுவதும் கழிவுநீரோடு வெளியேறிவிடுகிறது. ஆகவே சாயக் கழிவுநீரில் இரண்டு தீமைகள் உள்ளன: ஒன்று கண்ணுக்குத் தெரியும் நிறம், மற்றொன்று கண்ணுக்குத் தெரியாத உப்பு.

கிராபீன் ஆக்ஸைடு சவ்வு நீரில் நனைந்தவுடன் ஊறிப் பருக்கிறது. தகடுகளின் இடைவெளி சுமார் 1.3 நானோமீட்டராகிறது. சாயத்தின் அணுத்திரள்கள் பெரியவையாதலாலும், சவ்வைப்போலவே அவையும் எதிர்மின் ஏற்றமுடையவையாதலாலும் பெரும்பாலும் தடுக்கப்படுகின்றன. ஆனால் நீர் சூழ்ந்த சோடியத் துகளின் அகலம் சுமார் 0.7 நானோமீட்டர்தான். பெரிய கண்ணுள்ள சல்லடையில் நெல்லைத் தடுத்துக் குருணையைத் தப்பவிடுவதுபோல, இச்சவ்வு நிறத்தைத் தடுத்து உப்பைத் தப்பவிடுகிறது. வெளிவரும் நீர் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். நாவில் வைத்தால் உவர்க்கும்.

இக்குறையை நீக்குவதற்காக மான்செஸ்டர் சாஸ்திரிகள் 2017-இல், சவ்வைப் பிசினுள் இறுக்கிப் பதித்து, அது ஊறிப் பருக்காமல் செய்து, சோற்றுப்பில் சுமார் 97 சதவிகிதத்தைத் தடுத்துக் காட்டினார்கள். இது போற்றத்தக்க முன்னேற்றம். எனினும் பரிசோதனைச் சாலையில் கைக்குட்டை அளவில் செய்வது ஒன்று. நாளொன்றுக்குப் பல லட்சம் லிட்டர் ஓடும் நிலையத்தில், பொத்தல் விழாமல், அழுக்கு அடையாமல், வருஷக்கணக்கில் நிற்கும்படி செய்வது மற்றொன்று. உப்பைப் பிரிக்கும் வேலையை, இன்றும் ஆர்.ஓ. என்று யாவரும் வழங்கும் பாலிஅமைடுச் சவ்வுகளே பெரும் அளவில் செய்துவருகின்றன.

எத்தகைய சவ்வானாலும் இயற்கை விதித்த ஒரு கூலியைக் கொடுத்தே தீரவேண்டும் என்பதையும் கவனிக்கவேண்டும். உப்பு நீரைவிட்டுப் பிரிய மறுக்கும். அதனைப் பிரிக்க அழுத்தம் வேண்டும். அழுத்தத்திற்கு மின்சாரம் வேண்டும். கடல்நீரில் பாதியை நன்னீராகப் பிரித்தெடுக்க, கிடைக்கும் நன்னீர் கனமீட்டர் ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரமாவது செலவாகியே தீரும். நடைமுறையில் அதற்கு இரண்டு மூன்று மடங்கு ஆகிறது. புதிய சவ்வு மேற்செலவைக் குறைக்கலாமே தவிர அடிப்படைக் கூலியை ரத்து செய்ய முடியாது. ஆகையால், "செலவின்றி எல்லாவற்றையும் நீக்கும் சவ்வு" என்று எவரேனும் கூறினால் அதனை நம்பவேண்டுவதில்லை.

ஏக்கருக்கு எத்தனை மூட்டை உப்பு?

கழிவுநீரை நிலத்திலோ நீர்நிலையிலோ விடுவதற்குத் தமிழ்நாட்டில் கையாளப்படும் வரம்பு, கரைந்துள்ள மொத்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்பதாகும். இவ்வளவு உப்புள்ள நீரை, ஒரு ஏக்கருக்கு இரண்டு அங்குல உயரம் ஒரு முறை பாய்ச்சுவதாக வைத்துக்கொள்வோம். அதற்குச் சுமார் 2,05,000 லிட்டர் நீர் ஆகும். அந்நீரோடு வயலில் இறங்கும் உப்பு ஏறக்குறைய 430 கிலோ. அதாவது 50 கிலோ மூட்டையில் எட்டு மூட்டைக்கு மேல். பத்துத் தண்ணீர் பாய்ச்சினால் 4,300 கிலோ. நீர் ஆவியாகிப் போய்விடும்; பயிரும் உப்பில் அற்பப் பகுதியையே எடுத்துக்கொள்ளும்; மிஞ்சியதெல்லாம் வேர்ப்பகுதியிலேயே தங்கும். நல்ல மழை பெய்து, நல்ல வடிகாலும் இருந்தாலன்றி அது கீழே இறங்காது. இறங்கினாலும் கிணற்றுக்கே போய்ச்சேரும்.

லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்பது மின் கடத்தும் திறனில் சுமார் 3.3 டெசிசீமன் ஆகிறது. பாசன நீரில் 0.75-க்குக் கீழ்ப்பட்டது பொதுவாகத் தொல்லையற்றது, 2.25-க்கு மேற்பட்டது மிகுந்த உவர்நீர் என்பது விவசாய சாஸ்திரத்தில் வெகுகாலமாக வழங்கும் பாகுபாடு. வேர்ப்பகுதி மண்ணின் சாற்றில் இத்திறன் அவரை இனங்களுக்கு 1.0-ஐயும், கரும்புக்கு 1.7-ஐயும், நெல்லுக்கு 3.0-ஐயும் தாண்டினால் மகசூல் குறையத் தொடங்கும்; சோளமும் பருத்தியும் 7 வரையில் ஏறக்குறையத் தாங்கும். ஆகவே வரம்புக்கு உட்பட்ட நீர் என்பது பயிருக்கு உகந்த நீர் என்று பொருள்படாது. இதனை ஒவ்வொரு பட்டாதாரரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

உப்பின் அளவு மட்டுமன்றி அதன் இனமும் கவனிக்கத்தக்கது. சாயக் கழிவில் மிகுந்திருப்பது சோடியம். அது களிமண்ணில் ஒட்டிக்கொண்டு, மண்ணின் புரையை அடைத்து, நீர் இறங்காமல் மேலே பாசிபோல் தேங்கும்படி செய்கிறது. ஜிப்சம் இடுவதால் சோடியத்தை விலக்கலாம். ஆனால் விலகிய சோடியத்தைக் கழுவிப்போக்க நன்னீரும் வடிகாலும் வேண்டும். கெட்ட நீரையே மறுபடியும் பாய்ச்சிக்கொண்டு ஜிப்சத்தை மட்டும் மேன்மேலும் இடுவது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதை ஒக்கும்.

நொய்யலும் பாலாறும் கற்பித்த பாடம்

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோயம்புத்தூர், திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் கலக்கும் நொய்யலின் கதி யாவரும் அறிந்ததே. சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில், சுமார் 20,000 ஏக்கர் பாசனத்தை உத்தேசித்து 1992-இல் ஓர் அணை கட்டி முடிக்கப்பட்டது. சில வருஷங்களுக்குள் அது பாசன நீருக்குப் பதிலாகச் சாயக் கழிவின் தேக்கமாயிற்று. அணையில் நீரைத் தேக்கவேண்டுமென்று கேட்கவேண்டிய பாசனக்காரர்களே, தேக்கவேண்டாமென்று முறையிடும்படியான நிலைமை ஏற்பட்டது. ஆயக்கட்டுதாரர்கள் நியாயஸ்தலத்தை நாடினார்கள். கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே விடாத முறையைக் கைக்கொள்ளாத சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடும்படி சென்னை ஹைகோர்ட்டு 2011-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் உத்தரவிட்டது. அதன்பின் சர்க்கார் கடனுதவியும் பெற்று, ஆர்.ஓ. சவ்வும் ஆவியாக்கும் கொப்பரைகளும் கொண்டு, நீரில் மிகப்பெரும் பகுதியை மீட்டு மறுபடியும் சாயத் தொட்டிக்கே அனுப்பும் முறை திருப்பூரில் நிலைபெற்றது.

பாலாற்றங்கரையின் அனுபவமும் இதுவே. தோல் பதனிடும் தொழிலால் சுமார் 35,000 ஹெக்டேர் சாகுபடி நிலம் ஒரு பகுதியாகவோ முழுமையாகவோ கெட்டுவிட்டதென்று விவசாயக் கல்வியாளர்கள் கணித்ததைச் சுப்ரீம் கோர்ட்டு 1996-இல் தன் தீர்ப்பில் எடுத்துக்காட்டி, கெடுத்தவனே செலவை ஏற்கவேண்டும் என்னும் விதியை நம் தேசத்துச் சட்டத்தின் பகுதியாகவே அங்கீகரித்தது.

இவ்விரண்டு ஆறுகளும் நமக்குக் கற்பிப்பது யாதெனில், கெட்ட நீர் ஒருமுறை மண்ணுக்குள் இறங்கிவிட்டால் அதைப் பின்னால் எடுப்பது மிகவும் அரிது. தொட்டியிலிருக்கும்போதே தடுப்பதுதான் மலிவு என்பது.

சவ்வின் உண்மையான உபயோகம்

இங்கேதான் கரிச் சவ்வின் குறையே குணமாகிறது. சாயத்தைத் தடுத்து உப்பை விடுவது குடியானவனுக்குத் தீமை. ஆனால் சாயப்பட்டறைக்காரனுக்கு அதுவே லாபம். சாயத்தொட்டியின் முதல் கழிவை மற்றக் கழுவு நீர்களோடு கலக்காமல் தனியே பிடித்து, இச்சவ்வின் வழியே செலுத்தினால், நிறமற்ற உவர்நீர் கிடைக்கும். அவ்வுவர்நீரை அடுத்த சாயத்தொட்டிக்கே உபயோகிக்கலாம். உப்பு வாங்கும் செலவு குறையும். ஆவியாக்கவேண்டிய நீரின் அளவும் குறையும். உவர்நீரை மறுபடியும் உபயோகிக்கும் முறை திருப்பூர் நிலையங்கள் சிலவற்றில் வேறு சாதனங்களைக்கொண்டு ஏற்கெனவே கையாளப்பட்டிருக்கிறது. கரிச் சவ்வு அதே காரியத்தை அதிக நீரோட்டத்துடனும் குறைந்த அழுத்தத்திலும் செய்யுமானால், அதுவே அதன் சரியான ஸ்தானம்.

உப்பு பட்டறைக்குள்ளேயே வட்டமிட்டால் அது மூலதனம். அதே உப்பு மதகைத் தாண்டினால் விஷம். சவ்வு ஒன்றே, அதை வைக்குமிடத்தைப் பொறுத்து ஊர் பிழைப்பதோ கெடுவதோ ஏற்படுகிறது.

எதிர்வாதங்கள்

"தொழில் நடந்தால்தானே ஊர் பிழைக்கும்? புதிய சாதனத்திற்கு நிபந்தனைமேல் நிபந்தனை விதித்தால் யார் முன்வருவார்?" என்று கேட்பாருண்டு. இக்கேள்வி அலட்சியம் செய்யத்தக்கதன்று. திருப்பூரின் தொழிலால் லட்சக்கணக்கான ஜனங்கள் ஜீவிக்கிறார்கள். மழை பொய்த்த வருஷங்களில் நம் குடியானவர் வீட்டுப் பிள்ளைகளே அங்கே சென்று கூலி சம்பாதித்துக் குடும்பத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஆயினும் தொழிலின் லாபம் ஒருவரிடமும், அதன் உப்பு மற்றொருவர் நிலத்திலும் சேர்வது நியாயமாகாது. நிபந்தனை விதிப்பது தொழிலுக்கு விரோதமன்று. ஒழுங்காகச் செலவு செய்து கழிவைச் சுத்தி செய்யும் பட்டறைக்காரரை, இரவில் வாய்க்காலைத் திறந்துவிடும் பட்டறைக்காரரின் போட்டியிலிருந்து காப்பதும் அதுவே.

"வறட்சிக் காலத்தில் எந்த நீரும் இல்லாததைவிடச் சுத்தி செய்த நீராவது மேலல்லவா?" என்று நிலமுடையோரே சிலர் கேட்பர். ஒரு பயிரைக் காப்பாற்றுவதற்காகப் பாய்ச்சிய உப்பு பின்வரும் பல போகங்களைக் கெடுக்கக்கூடும். எண்ணிக்கை தெரிந்து பாய்ச்சினால் குற்றமில்லை. தெரியாமல் பாய்ச்சுவதே ஆபத்து.

நிபந்தனைகள் யாவை?

கரிச் சவ்வு நிலையங்களுக்கு அனுமதியோ மானியமோ அளிக்கையில் சர்க்கார் நான்கு நிபந்தனைகளை விதிக்கவேண்டும் என்பது என் கருத்து.

முதலாவது, வெளிவரும் நீரை நிறத்தால் மதிப்பிடாமல் மின் கடத்தும் திறனாலும் சோடியத்தின் விகிதத்தாலும் மதிப்பிட வேண்டும். அவ்வெண்கள் நிலையத்தின் வாயிலிலும் கீழ்நோக்கியுள்ள கிராமச் சாவடியிலும் தினந்தோறும் பலகையில் எழுதப்பட வேண்டும்.

இரண்டாவது, சவ்வு தடுத்துவைத்த கசடு எங்கே போகிறதென்பதற்குக் கணக்கு வேண்டும். சவ்வு எதையும் அழிப்பதில்லை. பிரித்து மட்டுமே வைக்கிறது. திறந்த வெளியில் குவித்த கசடும் கலப்புப்பும் ஒரு கனமழையில் மீண்டும் ஆற்றுக்கே வந்துவிடும்.

மூன்றாவது, சவ்விலுள்ள கரித்தகடுகளோ குழாய்களோ உதிர்ந்து நீருடன் கலக்கின்றனவா என்பதை அவ்வப்போது சோதிக்க வேண்டும். அதிநுண்ணிய கரித்துகள் மண்புழுவுக்கும் மீனுக்கும் மனிதருக்கும் தீங்கற்றதென்று முன்கூட்டியே கருதிவிடக் கூடாது.

நான்காவது, புதிய சவ்வு வரப்போகிறதென்பதைக் காரணமாகக் காட்டி, இன்றுள்ள ஆர்.ஓ. நிலையங்களை ஓட்டாமல் நிறுத்திவைப்பதற்கு ஒருபோதும் இடங்கொடுக்கக் கூடாது. நாளை வரும் மருந்தை எண்ணி இன்றைய கஞ்சியை ஊற்றாமல் விடுவார் யாருமிலர்.

நாம் செய்ய வேண்டுவது

பட்டாதாரர்கள் வருஷத்தில் இருமுறை, கோடையில் ஒருதரமும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் ஒருதரமும், தங்கள் கிணற்று நீரைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். மோட்டாரைப் பதினைந்து நிமிஷம் ஓட்டியபின், சுத்தமான ஒரு லிட்டர் பாட்டிலை அந்நீராலேயே மும்முறை அலசி, ததும்ப நிரப்பி மூடி, சர்வே நம்பர், கிணற்றின் ஆழம், தேதி, சாகுபடிப் பயிர் ஆகியவற்றை எழுதி ஒட்டி, தாமதமின்றி விவசாய இலாகாவின் மண், நீர் பரிசோதனை நிலையத்தில் சேர்ப்பிக்கவும். முடிவுச் சீட்டுகளைப் பட்டாவுடன் பத்திரமாக வைத்துக்கொள்ளவும்.

இச்சீட்டுகள் பயிர் தேர்ந்தெடுப்பதற்கு மட்டுமன்றி வழக்கிற்கும் உதவும். 2010-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஏற்பட்ட பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இழப்பீடு கோருவோர், கேட்டுக்குக் காரணம் முதன்முதல் நேர்ந்த நாளிலிருந்து ஐந்து வருஷங்களுக்குள் மனுச்செய்தல் வேண்டும். எந்த வருஷத்தில் நீர் கெட்டதென்பதைச் சொல்ல வாய்ச்சாட்சியம் மட்டும் போதாது; வரிசையான எண்களே பேசும்.

கிராம நிர்வாக உத்தியோகஸ்தர்கள், சாகுபடி நின்றுபோன சர்வே நம்பர்களை அடங்கலில் வெறும் தரிசு என்று மட்டும் குறித்துவிடாமல், நீர் கெட்டதனால் தரிசு கிடப்பதையும் மேலதிகாரிகளுக்கு எழுத்துமூலம் தெரிவித்தல் நலம். மின் கடத்தும் திறனைக் காட்டும் சிறு கைக்கருவி இப்போது சுலபமாகக் கிடைக்கிறது. ஆற்றோர ஊராட்சி ஒவ்வொன்றும் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு, வாரத்திற்கு ஒருமுறை வாய்க்கால் நீரை அளந்து நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைப்பது பெருஞ்செலவாகாது. இரவில் திறந்துவிடும் கழிவும் மறுநாள் காலையில் அளந்தால் அகப்படக்கூடும்.

சாஸ்திரம் வளர்வதைக் கண்டு நாம் அஞ்ச வேண்டுவதில்லை. அதைக் கண்டு மயங்கவும் வேண்டுவதில்லை. கரிச் சவ்வைப்பற்றி உங்கள் ஊருக்கு யாரேனும் வந்து விளக்கினால், மூன்று கேள்விகள் கேளுங்கள்: உப்பின் எண் என்ன? கசடு எங்கே போகிறது? சவ்வு கிழிந்தால் யார் செலவு? இம்மூன்றுக்கும் எழுத்துமூலம் விடை கிடைத்த பின்னரே அந்நீரை உங்கள் வாய்க்காலில் ஏற்கச் சம்மதியுங்கள். அதுவரையில், எவ்வளவு தெளிந்த நீராயினும் அதனைப் பரிசோதியாமல் வரப்பைத் தாண்டவிடாதிருப்பதே விவேகம்.